சாம்பல் ராணிக்கு ஒரு நிமிடம்

குதிரை இனத்தின் மீது வில்மார் எச்செனிக்கே வைத்திருந்த அன்புக்கு இணையான அன்பை உருகுவாய் நாடு அதுவரை கண்டதில்லை. அப்பழுக்கற்ற அன்பு அது. ஐம்பத்திரண்டு வயதுவரை அவர் எந்தக் குதிரை மேலும் ஏறியதில்லை. ஒன்றைத் தட்டிக்கொடுத்ததுகூட இல்லை.

வார நாட்களில் அவர் சான் லாசரோ நகராட்சியின் 'இழுவை விலங்கு ஒழுங்குமுறைப் பிரிவு'க்குத் தலைவர். சனிக்கிழமைகளில், சதுக்கத்து மூலைச் சீட்டாட்டக் கடையில் நடக்கும் 'ஆறு அரசுகளின் போர்' ஆட்டத்தில் காற்றுக்குடிக்குத் தலைவர். காற்றுக்குடி என்றால் குதிரைப் படை. மற்றவர்கள் நாகம், சூனியக்காரி என்று கண்டதையும் வைத்து ஆட, அவர் குதிரைகளை மட்டுமே நம்பினார். மொத்தம் பதினாறு குதிரைச் சீட்டுகள். மழை நாளில் அவற்றைக் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தாம் நனைந்து வருவார்.

'காற்றுக்குடி நடத்தை விதிகள்' நான்கு பக்கம். எழுதியவர் அவரே. நான்காம் விதிப்படி, களத்தில் குதிரை விழுந்தால் கடையிலுள்ள அனைவரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். முதலில் சிரித்தார்கள். அவர் கண்ணில் நீரைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

அன்று கோப்பைக்கான இறுதி ஆட்டம். எதிரே மருந்துக் கடை நீவெஸ், சதுப்புநிலச் சூனியக்காரிகளோடு உட்கார்ந்திருந்தாள். மணி நாலரை. கையில் ஒரு படிவத்தோடு டெல்மிரோ உள்ளே வந்தான். சனிதோறும் காலி அட்டைப் பெட்டிகளை அள்ளிப்போகும் வண்டிக்காரன். வாசலில் வண்டி மட்டும் நின்றது. அதை அவனே இழுத்து வந்திருந்தான்.

"தலைவரே, ஒரே ஒரு கையெழுத்து. என் மந்தேக்காவ வியாழக்கிழமை உங்க ஆளுங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க." மந்தேக்கா அவனுடைய பெட்டைக் குதிரை. வெண்ணெய் நிறம், பெயருக்கும் வெண்ணெய் என்றே பொருள்.

"காரணம்?"

"வண்டிக்குப் பின்னால ராத்திரில மின்னுற சிவப்பு வில்லை இல்லையாம். இருந்துச்சு தலைவரே. மேல அட்டை தொங்குனதுல தெரியல."

"தெரியாத வில்லை இல்லாத வில்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள மனு கொடுத்திருக்கணும்."

"எங்க கொடுக்க? நேத்து ஊர்த் திருநாள், ஆபீஸ் பூட்டு. இன்னிக்குச் சனி, பூட்டு. அஞ்சு மணிக்கு இறைச்சி ஆலை லாரி அவள ஏத்திக்கிட்டுக் கிளம்பிடும். அவள அடைச்ச பட்டி ரெண்டு தெரு தள்ளிதான், கையெழுத்தோட ஓடிடுவேன்."

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாங்க, மனுதாரரே."

"திங்கட்கிழமை அவ டின்னுல இருப்பா!"

"லாரி வேற பிரிவு," என்றார் வில்மார் கனிவோடு.

நீவெஸுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், போட்டுத் தொலையேன்! பேனா உன் பையிலதானே இருக்கு?"

"அது ஆபீஸ் பேனா. விடுமுறை நாள்ல தொட்டா முறைகேடு."

"சரி, நான் தோத்துட்டேன்னே வெச்சுக்க. கோப்பைய எடுத்துக்கிட்டுக் கையெழுத்தைப் போடு."

"காற்றுக்குடி பிச்சை வெற்றியை ஏற்காது. ஆடு."

அவள் ஆத்திரத்தில் கைக்கு வந்த சீட்டை வீசினாள். நஞ்சு மூட்டம்! வில்மாரின் தலைக்குதிரை சாம்பல் ராணி விழுந்தாள்.

நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. கடையிலிருந்த பதினோரு பேரும் எழுந்தார்கள். டெல்மிரோவும் பதறித் தொப்பியைக் கழற்றினான்.

"யாரு போயிட்டாங்க?" என்று கடைக்காரரிடம் கிசுகிசுத்தான்.

"ஒரு குதிரை."

"ஐயோ பாவம்." மனசார வருந்தினான். அப்புறம்தான் மேசையில் குப்புறக் கிடந்த சீட்டைப் பார்த்தான். "இதுக்காவது யாராச்சும் கையெழுத்து கேட்டுப் பாத்தாங்களா?"

"உஷ்!" என்றார் வில்மார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

துக்கம் வீரத்தைப் பெருக்கும். மிச்சம் பதினைந்து குதிரைகளோடு பாய்ந்து, ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கடைசிச் சூனியக்காரியையும் மிதித்துத் துவைத்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. கடைக்காரர் வெற்றியாளர் ஏட்டை நீட்டினார். வில்மார் உணர்ச்சிவசப்பட்டு ஆபீஸ் பேனாவை உருவி முழுக் கையெழுத்தும் போட்டார். அடியில் இரண்டு கோடு இழுத்து, பழக்க தோஷத்தில் பதவியையும் எழுதினார்.

டெல்மிரோ படிவத்தை ஏட்டின் மேல் நகர்த்தினான். "மை காயறதுக்குள்ள, தலைவரே. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

வில்மார் பேனாவை மூடினார்.

கோயில் மணி ஐந்து அடித்தது. சதுக்க மூலையில் லாரி மெதுவாகத் திரும்பியது. பலகை இடுக்கில் வெண்ணெய் நிறத்தில் ஒரு காது தெரிந்து மறைந்தது. டெல்மிரோ ஓடவில்லை. வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

முதலில் நீவெஸ் எழுந்தாள். பிறகு கடைக்காரர். பிறகு எல்லாரும்.

வில்மாரால் எழ முடியவில்லை. மடி நிறையச் சீட்டுகள். சாம்பல் ராணியைப் பரிவோடு எடுத்து உறையில் சேர்த்து, விதிப்படி ஒவ்வொன்றாக எண்ணி முடித்தார்.

"பதினாறு," என்றார் நிம்மதியாக. "எல்லாம் சரியா இருக்கு."

டெல்மிரோ திரும்பிப் பார்த்தான்.

"இன்னொரு தடவ எண்ணுங்க தலைவரே. ஒண்ணு குறையுது."