ஹவில்தார் சடையன் வீரமரணம் எய்திய விதம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் அரசாண்டது என்று தொடங்கினால்தான் நீங்கள் கதை கேட்க உட்காருவீர்கள். சரி, ஆண்டது. ஓடைக்கு அக்கரையில் இன்னொரு காடு, அங்கே இன்னொரு சிங்கம். இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஓடையின் நடுவில் ஒரு மணல்திட்டு இருந்தது. அதில் ஒரு புல்கூட முளைக்காது. ஆனாலும் அது யாருடையது என்று ஒருநாள் கேள்வி வந்துவிட்டது. கேள்வியைக் கிளப்பியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. போர் மட்டும் மூண்டுவிட்டது.

சிங்கங்கள் போருக்குப் போகவில்லை. அவர்கள் போகும் வழக்கமும் இல்லை. துப்பாக்கி பிடிக்க விரல் வேண்டும் என்று சொல்லிக் குரங்குகளை அனுப்பினார்கள். குரங்குகளை ஏவ மூளை வேண்டும் என்று சொல்லி நரிகளை அதிகாரிகளாக்கினார்கள். இப்படியெல்லாம் சொன்னதே நரிகள்தான்.

அக்கரைக்காரர்கள் வழியெங்கும் கண்ணிவெடி புதைத்து வைத்தார்கள். முதல் வாரத்திலேயே பல படைப்பிரிவுகளில் பாதிப் பேர் போய்விட்டார்கள். ராஜா வெளிக்காட்டிலிருந்து வெடி கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வரவழைத்தார். அது பெல்ட்டுக் கொக்கியைக் கண்டால் கத்தியது, சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் கத்தியது, வெடியைக் கண்டால் மட்டும் அமைதி காத்தது. அதற்குப் பிறகுதான் நாய்களின் ஞாபகம் வந்தது.

ஐந்தாம் பிரிவுக்கு ஏழு நாய்கள் வந்தன. அவற்றில் மூத்தவன் சடையன். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், யார் என்ன சொன்னாலும் நம்புவான். அவனைப் பிடித்துச் செல்லும் வேலை செங்கோடன் என்ற குரங்குக்குக் கிடைத்தது. செங்கோடன் படையில் நாயக்.

அந்தப் படையில் ஒரு விதி இருந்தது. நாய்க்கு, அதைப் பிடித்துச் செல்லும் சிப்பாயைவிட ஒரு படி மேலான பதவி கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் சிப்பாய் எரிச்சலில் நாயை உதைக்கமாட்டான். உதைத்தால் அது மேலதிகாரியை உதைத்த குற்றமாகிவிடும். ஆகவே செங்கோடன் நாயக் என்றால் சடையன் ஹவில்தார். தினமும் காலையில் செங்கோடன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, "கழுத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்று கேட்டுத்தான் வாரை மாட்டுவான்.

பதவி கொடுத்தது ஓர் அறையில். பெயர் பதிந்தது அடுத்த அறையில். அங்கே ஏகாம்பரம் என்ற பெருச்சாளி குமாஸ்தாவாக இருந்தார். ஆள் சேர்ப்புப் படிவத்தில் பத்து விரல் ரேகைக்குப் பத்துக் கட்டங்கள் இருந்தன. நாய்க்கு இருப்பது நான்கு பாதம்.

"மிச்சம் ஆறு கட்டத்தை நான் என்ன பண்றது? காலியா விட்டா ஆடிட்ல என் வாலை அறுத்துடுவாங்க" என்றார் ஏகாம்பரம்.

அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆகவே ரேகை கேட்காத ஒரே பதிவேட்டை எடுத்தார். அது தளவாடப் பதிவேடு. மண்வெட்டிக்கும் குழம்புக் குண்டானுக்கும் நடுவில் எழுதினார்: 'நாய், பழுப்பு, ஒன்று. எண் 117.' மற்ற ஆறு நாய்களையும் இப்படியே வேறு வேறு பக்கங்களில் எழுதினார். 117 என்ற எண்ணைச் சடையனின் மடங்காத காதில் பச்சையும் குத்தினார்கள். ஹவில்தாருக்குக் கொஞ்சம் வலித்தது. பெருமையாகவும் இருந்தது.

போர் ஒன்றரை வருடம் நடந்தது. சடையன் முன்னால் மோப்பம் பிடித்துக்கொண்டு போவான். வெடி இருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுவான். அவன் உட்கார்ந்தால் ஐந்தாம் பிரிவு நின்றுவிடும். ஒருநாள் பாறைப் பாதையில் அப்படி உட்கார்ந்தான். பிரிவின் தலைவரான மேஜர் நரிக்குப் பசி நேரம்.

"ஏன்யா உட்கார்ந்துட்டான்?"

"ஹவில்தார் சார் உட்கார்ந்தா வெடி இருக்குதுங்க சார்" என்றான் செங்கோடன்.

"எனக்கு நேரமாகுது. இழுத்துட்டு வா."

"மேலதிகாரியை இழுக்கக் கூடாதுங்க சார். ரூல் இருக்குதுங்க."

மேஜர் விதியைத் திட்டிக்கொண்டே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். தோண்டிப் பார்த்தார்கள். ஒன்பது வெடிகள். அன்று காலையில் ஐந்தாம் பிரிவில் நாற்பத்திரண்டு குரங்குகள் இருந்தன. சாயங்காலமும் நாற்பத்திரண்டு இருந்தன. ஆபத்தான நேரத்தில் அசையாமல் அமர்ந்திருந்த தீரத்துக்காக ஒரு பதக்கம் வந்தது, மேஜருக்கு. சடையனுக்கு ஒரு பிஸ்கட் வந்தது. அதில் பாதியை அவன் செங்கோடனுக்குக் கொடுத்தான். எனக்குத் தெரிந்தவரையில் அந்தப் போரில் நியாயமாகப் பங்கிடப்பட்டது அந்த ஒரு பிஸ்கட்தான்.

பிறகு ஒரு வெள்ளம் வந்து மணல்திட்டை அடித்துக்கொண்டு போயிற்று. சண்டைக்குக் காரணமே கடலுக்குப் போய்விட்டதால் இரண்டு சிங்கங்களும் சேர்ந்து விருந்து சாப்பிட்டன. போர் முடிந்தது. குரங்குகள் மூட்டை கட்டின.

"எங்க ஊர் மலைமேல இருக்குதுங்க. பெரிய புளியமரம். நீங்க அடியில படுத்துக்கலாம், நான் மேல படுத்துக்குவேன்" என்றான் செங்கோடன்.

"புளி விழுமா?" என்று கேட்டான் சடையன்.

"விழும்."

"பரவாயில்ல. வெடி விழாதே" என்றான் சடையன்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஓர் ஆணை ஒட்டியிருந்தார்கள். போர் முடிந்ததால் தேவைக்கு மிஞ்சிய தளவாடங்கள் அனைத்தும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கழிவு செய்யப்படும். கீழே பட்டியல். செங்கோடன் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தான். 116, மண்வெட்டி. 118, குண்டான். நடுவில் 117, நாய், பழுப்பு. அன்று செவ்வாய்க்கிழமை.

அலுவலகத்துக்கு ஓடினான். விசாரிப்பதற்கு ஒரு வரிசை, விசாரிக்க டோக்கன் வாங்க ஒரு வரிசை. இரண்டிலும் நின்று முடித்தபோது புதன்கிழமை ஆகிவிட்டது.

"ஏகாம்பரம் சார், சடையனை நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறனுங்க."

"நூத்திப் பதினாறையும் கூட்டிட்டுப் போவியா?"

"அது மண்வெட்டிங்க. இவரு ஹவில்தாருங்க சார்."

"அது அடுத்த ரூம்ல. இங்க எல்லாம் ஒண்ணுதான். மண்வெட்டியை உடைப்பாங்க, குண்டானை நசுக்குவாங்க, நாயைச் சுடுவாங்க. அரசாங்கச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோனா திருட்டு. உன்னையும் உள்ள போடுவாங்க."

செங்கோடன் அங்கிருந்து மேஜரிடம் மனுவோடு போனான். மேஜர் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு ஹவில்தாருக்காக ஒரு நாயக் மனு போட முடியாதுப்பா. சமமான பதவியில இருக்கறவங்கதான் போடணும். அவனையே போடச் சொல்லு."

"அவரு போடலாம்னா, தளவாடம் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு ஏகாம்பரம் சார் சொல்றாருங்க."

"பாத்தியா, ரூல் எவ்வளவு கச்சிதமா இருக்கு" என்று மேஜர் மெய்யாகவே மகிழ்ந்துபோனார்.

செங்கோடன் கொட்டடிக்குத் திரும்பினான். சடையன் வாலை ஆட்டினான்.

"கழிவுன்னு பலகையில போட்டிருக்காமே, அப்படின்னா என்ன செங்கோடா? ஓய்வு மாதிரியா?"

செங்கோடனுக்குப் பொய் சொல்லத் தெரியும், குரங்குதானே. ஆனால் அன்று வரவில்லை. சொல்லிவிட்டான். சடையன் தன் முன்னங்கால்களைப் பார்த்தான்.

"நான் ஏதாவது ஒரு வெடியை விட்டுட்டேனா?" என்று கேட்டான்.

இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. சுடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் தன் வேலையில் எங்கே தப்பு என்று தேடுகிற பிறவியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? செங்கோடன் எழுந்து நேராக ஏகாம்பரத்திடமே திரும்பவும் போனான். இந்தத் தடவை வரிசையில் நிற்கவில்லை, ஜன்னல் வழியாகக் குதித்தான்.

"சார், ஒரு சாமான் உங்க பதிவேட்டை விட்டு வெளிய போக என்னென்ன வழி இருக்குதுங்க?"

"ரெண்டே கட்டம். ஒண்ணு 'கழிவு'. இன்னொண்ணு 'போரில் அழிந்தது'. அதுக்கு மேஜர் கையெழுத்து வேணும். முடிஞ்ச போர்ல அழிஞ்சதுன்னு அவர் எதுக்குப் போடப் போறாரு?"

செங்கோடன் அன்று முழுவதும் யோசித்தான். வியாழக்கிழமை காலையில் மேஜர் முகம் கழுவும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றான். மேஜர் அன்று கடுகடுவென்று இருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. ராஜா ஒவ்வொரு பிரிவுக்கும் நினைவுக்கல் நாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் பிரிவுக்கு இருபது பெயர்களோடு ஒரு கல். நான்காம் பிரிவுக்குப் பன்னிரண்டு பெயர்களோடு ஒரு கல். கல் வாங்கிய மேஜர்கள் எல்லாம் கர்னல் ஆனார்கள். ஐந்தாம் பிரிவில் யாரும் சாகவில்லை. ஆகவே கல் இல்லை. ஐந்தாம் பிரிவு போருக்குப் போனதா என்றே அரண்மனையில் சிலர் கேட்டார்களாம்.

"மேஜர் சார், நம்ம பிரிவுக்கு மட்டும் கல்லு இல்லைங்கறது எனக்கு மனசுக்கு ஆகலைங்க" என்றான் செங்கோடன்.

"செத்தாத்தானேய்யா கல்லு. எல்லாவனும் கொழுகொழுன்னு நிக்கறீங்க."

"ஹவில்தார் சடையன் பாறைப் பாதையில செத்திருந்தா?"

மேஜர் முகத்தில் சோப்போடு திரும்பினார். ஒரு கண்ணில் நுரை வழிந்தது, மறு கண் விரிந்தது.

"செத்தானா?"

"நீங்க கையெழுத்துப் போட்டா செத்துருவாருங்க."

மேஜர் யோசித்தார். "ஒருத்தன் செத்தா என்ன பிரயோஜனம்? பக்கத்துப் பிரிவுல பன்னண்டு வச்சிருக்கான்."

"நாய் இன்னும் ஆறு இருக்குதுங்க சார்."

"ஏழு. ம். எட்டா இருந்தா கல்லு பாக்க லட்சணமா இருக்கும். நீயும் சேர்ந்துக்கறியா?"

"எனக்கு ஊர்ல அம்மா இருக்காங்க சார். அழுவாங்க."

ஏழு போதும் என்று மேஜர் முடிவு செய்தார். கருணை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. கல்லில் இடம் இருந்தது, அவ்வளவுதான். அன்று மத்தியானமே கையெழுத்தாயிற்று. ஏகாம்பரம் ஏழு வரிகளில் சிவப்பு மையால் கோடு போட்டார். சடையன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கோடு போட்டு முடித்ததும் ஏகாம்பரம் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார். அது விதி. பிறகு, "செத்தவங்க வராந்தாவுல நிக்கக் கூடாது, கிளம்புங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்வெட்டிகளை உடைத்தார்கள், குண்டான்களை நசுக்கினார்கள். ஏழு நாய்களும் மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டன.

அடுத்த வாரம் கல் திறப்பு விழா. ஊருக்குப் போகும் வழியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று சடையன் ஆசைப்பட்டான். செங்கோடன் அவனைக் கூட்டத்தின் கடைசியில் நிறுத்தி, காதில் 117 தெரியாமல் ஒரு துண்டைக் கட்டிவிட்டான். கல் பெரிதாகத்தான் இருந்தது. உச்சியில் ஒரு நாய்ச் சிலை. சிற்பிக்கு மாதிரி கிடைக்காததால் அதற்கு நரியின் முகம் அமைந்துவிட்டது. கர்னல் நரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிங்கராஜா பேசினார்.

"இந்த ஏழு பேரில் ஒருவன் இன்று உயிரோடு வந்து நின்றால், இந்தச் சிங்காசனத்திலிருந்து இறங்கி அவனைக் கட்டிக்கொள்வேன்."

சடையனின் வால் ஆடியது. ஓர் அடி முன்னால் வைத்தான். செங்கோடன் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ராஜாவே கூப்பிடறார் செங்கோடா."

"வரமாட்டீங்கன்னு உறுதியாத் தெரிஞ்சதாலதான் கூப்பிடறாரு. பேசாம நில்லுங்க."

சடையனுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வால் கீழே இறங்கியது. ஒன்றரை வருடப் போரில் அவன் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை, அங்கே வந்தது.

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. சடையன் மெல்ல நடந்து கல்லின் அருகில் போனான். தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று மோந்து பார்க்கத்தான். காவலுக்கு நின்ற புதுச் சிப்பாய்க் குரங்கு தடியை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"ச்சூ, போ அந்தப் பக்கம். இது நாட்டுக்காக உசுரைக் கொடுத்த நாய்ங்க இருக்கற இடம். கண்ட நாயும் வரக் கூடாது."

செங்கோடன் பல்லைக் கடித்தான். சடையன் திரும்பி, மலையைப் பார்த்து நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான், "அவன் சொன்னது சரிதானே? நான் எங்க உசுரைக் கொடுத்தேன்?"

*

நீதி: நாட்டுக்காக உயிரைக் கொடுக்க விரும்புவோர் அதை முதலில் தாளில் கொடுத்துப் பார்க்கவும். பெரும்பாலும் நாட்டுக்கு அதுவே போதும்.