அரிசி வீசச் சொன்ன கார்ட்டூன்

மலேசியாவில், ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில், அக்கா வீட்டில் நடந்தது இவ்வளவுதான்:

1. அக்கா மகன் குமரன், நான்கு வயது, முயலும் முதலையும் சண்டைபோடும் ஒரு கார்ட்டூன் டேப்பைத் தினமும் பார்த்தான்.
2. பார்த்து முடித்ததும் அடுப்படிக்கு ஓடி, அரிசியை அள்ளி வந்து, எதிர்ப்பட்டவர் தலையில் வீசினான்.
3. எதிர்வீட்டு தேவி அக்கா தலையிலும் வீசினான்.
4. நான் உதவ முன்வந்தேன்.

விபத்து நான்காவதில்தான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ஈப்போவில் வீடியோ பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்திருந்த புதிது. (திருப்புளியால் திறக்க முடியாதது உலகில் இல்லை என்று நம்பிய வயது.)

"அந்தப் படத்துல கண்ணுக்குத் தெரியாம ஏதோ வச்சிருக்கானுங்களாம்லா. பிள்ளைங்க மண்டையில ஏறிடுமாம்" என்றார் தேவி அக்கா, கூந்தலிலிருந்து அரிசியைப் பொறுக்கியபடி.

"டேப்பை எரிச்சிடுறேன்" என்றாள் அக்கா. குமரன் அலறினான்.

"பொறுங்க. ஒவ்வொரு ஃபிரேமா நிறுத்திப் பார்ப்போம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினார்கள். ஒளி, கண், மூளை என்று ஒரு பிரசங்கம் செய்தேன். முயலை நகரவிடாமல் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். இரண்டு பேர் தூங்கிப்போனார்கள். கடைசியில், "பாத்தீங்களா? ஒளிச்சு வைக்க இதுல ஒன்னுமே இல்ல" என்று அறிவித்து, அணைக்கக் கை நீட்டினேன்.

"இன்னும் முடியல, சின்னம்மா!" என்றான் குமரன்.

திரையில் புள்ளி மழை. பிறகு நாதஸ்வரம். மணமேடையில் அக்காவும் அத்தானும். சுற்றிலும் ஊரே நின்று அட்சதை வீசுகிறது. குமரன் அடுப்படிக்கு ஓடினான்.

அலமாரியில் பத்திரமாக இருப்பதாக அக்கா நம்பியிருந்த கல்யாண டேப். அவள் எரிக்க இருந்ததும் அதைத்தான்.

"டிவில கார்ட்டூன் போட்டான்... பையன் அழுதான்... கையில கெடச்சதுல பதிஞ்சிட்டேன்" என்றார் அத்தான் மெல்ல.

"அழியக்கூடாதுன்னு டேப்புக்குப் பின்னால இருந்த பிளாஸ்டிக் தகட்டை உடைச்சுத்தானே வச்சிருந்தேன்! எப்படிப் பதிஞ்சீங்க?" என்றாள் அக்கா.

"அந்த ஓட்டையில செலோடேப் ஒட்டினா பதியலாமாம்."

"யாரு சொன்னா?"

அத்தான் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். என் தலையில் அரிசி விழுந்தது.

படம் முடிந்ததும் பெரியவர்கள் நாம் எழுந்துவிடுகிறோம். பிள்ளைகள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். அவர்களுக்குள் எது இறங்கியது என்று, நாம் பார்த்த பகுதியிலேயே தேடிக்கொண்டிருக்கிறோம். இது எனக்கு உறைக்க வெகுநாளாயிற்று.

இப்போதைய நிலவரம்: குமரன் பள்ளிக்கூடம் போகிறான், அரிசி வீசுவதில்லை. எந்தக் கல்யாணத்தில் அட்சதைத் தட்டு வந்தாலும், "நிறுத்தி நிறுத்தி வீசு, இஞ்சினியரம்மா" என்று அத்தான் என்னைச் சீண்டுகிறார். கல்யாண டேப்பில் தாலி கட்டியது வரை எல்லாம் அழிந்துபோய், மிஞ்சியது கடைசிச் சில நிமிடங்கள்தான். வேகமாக ஓட்டினால் டேப் தேய்ந்துவிடும் என்ற பயத்தில், அக்கா ஒவ்வொரு முறையும் முயலையும் முதலையையும் முழுசாகப் பார்த்த பிறகே தன் கல்யாணத்தைப் பார்க்கிறாள்.