கட்லட் மாமியும் என் மகளின் பற்களும்

கற்பிட்டியில் கட்லட் மாமியின் கைக்குத் தப்பியவர் எவருமில்லை. காய்ச்சல் என்றாலும் கட்லட், கலியாணம் என்றாலும் கட்லட், துக்கம் கேட்க மையத்து வீட்டுக்குப் போனாலும் முந்தானைக்குள் சுடச்சுட நாலு மீன் கட்லட். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்ட மாமியின் பக்கத்து வீட்டில்தான், கோதுமை தின்னக்கூடாத பிள்ளையோடு நான் குடியிருக்கிறேன். என் தலையெழுத்து!

மகளுக்கு ஏழு வயது. பால் பல் விழுந்து முளைத்த முன்பற்கள் பழுப்பாக, மேடும் பள்ளமுமாக வந்தன. ஊரே என்னைத்தான் குற்றம் சொன்னது. "புள்ளக்கி டொபி குடுக்கிறதா? பல்லுத் தீட்டுறதில்லயா?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. அவளோ சிரிக்கும்போது வாயைக் கையால் மூடப் பழகிவிட்டாள். கடைசியில் ஒரு பல் டொக்டர்தான் அடிக்கடி வரும் வாய்ப்புண்ணையும் வயிற்று ஊதலையும் விசாரித்து, இரத்தம் சோதிக்க அனுப்பினார். சீலியாக் நோய். கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. அதனால் பல்லின் மேற்பூச்சும் சரியாக உருவாகவில்லை. வந்த பல் வந்ததுதான், கோதுமையை அடியோடு நிறுத்தினால் இனி வருவதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள்.

அன்றிலிருந்து பாணும் பரோட்டாவும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. மாமி மட்டும் வருவார்.

"இந்தா புள்ள, மகளுக்கெண்டே செஞ்ச. ஒரு துளி கோதும மா இல்ல."

"அப்ப மேல என்ன மாமி மொறுமொறுண்டு?"

"அது பாண் தூள்!"

"பாண் எதுல மாமி செய்ற?"

மாமி யோசித்தார். "பேக்கரியில."

விளக்கினேன். மறுநாள் ரவையில் புரட்டிக்கொண்டு வந்தார். ரவையும் கோதுமைதான் என்றதும், அவர் குடும்பத்தைப் பற்றி நான் ஏதோ அவதூறு சொன்னமாதிரி முறைத்தார். அடுத்த முறை பாணை வெயிலில் காயவைத்து, கருகக் கருக வறுத்து, பெருமையோடு வந்து நின்றார். "இதுல இருந்த கோதும எல்லாம் உசிர் போய் மௌத்தாகி இருக்கும்!"

சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. கதவு நிலையில் சாய்ந்து அழுதுவிட்டேன். "கடையில லேபல் பாத்து, ஸ்கூல்ல சாப்பாட்டுப் பெட்டி பாத்து, களச்சுப் போனேன் மாமி. ஒங்களயும் காவல் காக்க எனக்கு ஏலா." மாமி தட்டை எடுத்துக்கொண்டு போனார். பிறகு எட்டிப் பார்க்கவேயில்லை.

அந்த நேரம் பார்த்துச் சொந்தத்துக்குள் ஒரு கலியாணம். எங்கள் வழக்கத்தில் ஆறு பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து கைபோட்டுச் சாப்பிடுவோம். சோற்றின் மேலே கட்லட்டை அடுக்கியிருப்பார்கள். அந்தப் பாண் தூள் எல்லாப் பக்கமும் உதிரும். அதனால் மகளுக்கு வீட்டிலிருந்து சோறு கொண்டுபோய் மூலையில் இருத்தினேன்.

"நான் மட்டும் ஏன் உம்மா தனிய?" என்றாள்.

"எழும்புங்க ரெண்டு பேரும்!"

கட்லட் மாமி. அன்றைய கட்லட் அத்தனையும் அவர் செய்ததுதான். ஆனால் கட்லட் அடுக்குமுன்பே ஒரு சஹனைத் தனியாக நிரப்பி மூடி, கறியில் மா கலந்ததா என்று சமையல்காரரைக் குடைந்தெடுத்து, தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எங்களோடு இன்னும் நாலு பெண்களைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கையக் காட்டுங்க! கட்லட் தொட்டவங்க இதுல கை வைக்க ஏலா. ஒங்களத்தான், போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வாங்க!"

எழுந்து போனது மாப்பிள்ளையின் உம்மா.

பக்கத்திலிருந்தவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப எங்களுக்குக் கட்லட் இல்லயா மாமி?"

"கட்லட்டா? சீ, அது ஒடம்புக்குக் கூடாது!" என்றார் கட்லட் மாமி.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பழுப்புப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கை சோற்றிலேயே இருந்தது.

மாமி சஹனை விட்டுக் கண்ணை எடுக்காமல் காவலிருந்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் நான் யார் கையையும் கவனிக்காமல் தலையைக் குனிந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.