பதினாலாம் நம்பர்

"அம்மாடி, அந்தப் பதினாலை மட்டும் கழட்டாதே!"

டெஸ்பாட்ச் குமாஸ்தா ஓடி வருவதற்குள் டெக்னீஷியன் பெண் பழைய போனின் ஒயரை உருவிவிட்டாள்.

"இனிமே பழைய எக்ஸ்சேஞ்ச் கிடையாது சார். போன், மெயில், மீட்டிங் எல்லாம் ஒரே நெட்வொர்க். கம்ப்யூட்டர்லயே பேசலாம். குரலும் டேட்டாதான்."

"என்னமோ இருந்துட்டுப் போகட்டும். தினம் ஒரு மணிக்குப் பதினாலுக்கு ஒரு கால் வருமே!"

"அது ஸ்டோர்ஸ்காரர் பேர்ல இருக்கு. அவர்தான் இல்லையே சார்?"

அதுதான் சிக்கலே. இரண்டு மேஜைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரே போனைத்தான் குமாஸ்தாவும் ஸ்டோர்ஸ்காரரும் பதினெட்டு வருடம் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஸ்டோர்ஸ்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த வாரம், மத்தியானம் சரியாக ஒரு மணிக்குப் போன் அடித்தது. அவர் மனைவி.

"மாத்திரை போட்டாச்சா?"

போனை எடுத்திருந்தது குமாஸ்தா. பாவம், துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது. புருஷன் இன்னும் வேலைக்குப் போவதாக நினைக்கிறாள். 'அவர் இல்லையே அண்ணி' என்று சொல்ல நாக்கு எழவில்லை. கைக்குட்டையை வாயில் பொத்தி, ஸ்டோர்ஸ்காரரின் கரகரத்த குரலில், "ம், போட்டாச்சு" என்றார். சுத்தப் பொய்யாக இருக்க வேண்டாமே என்று, தன் டிராயரில் மாதக்கணக்கில் கிடந்த பிரஷர் மாத்திரையில் ஒன்றை விழுங்கியும் வைத்தார். அன்று முதல் தினமும் இதே நாடகம்.

"சரி சார், பதினாலுக்கு வர்றதை உங்களுக்குத் திருப்பி விட்டுக்கங்க. லிஸ்ட்ல உங்க பேருக்கு ஒரு டிக். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கண்ணாடியைத் தேடி எடுத்து, குமாஸ்தா டிக் போட்டார். லிஸ்டின் முதல் கட்டத்தில். அதில் 'அனைவரும்' என்றிருந்தது.

ஒரு மணிக்கு நாற்பது கம்ப்யூட்டர்கள் ஒன்றாக அலறின. டைப்பிஸ்ட் முந்திக்கொண்டாள்.

"எந்த மாத்திரைங்க? நீங்க யாரு? ஹலோ... வச்சுட்டாங்கப்பா!"

ஆபீஸே சிரித்தது. குமாஸ்தா மட்டும் மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினார்.

மறுநாள் காலையில் அந்த டிக்கை எடுத்துவிட்டு, வெகு கவனமாக வேறொன்று போட்டார். அது மீட்டிங் ரூம். ஒரு மணிக்கு, முதலாளி வெளியூர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கையில், சுவர் ஸ்பீக்கர் கேட்டது:

"மாத்திரை போட்டாச்சா?"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு குமாஸ்தா பாய்ந்தார். வாயில் கைக்குட்டை.

"ம்... போட்டாச்சு!"

"என்னய்யா போட்டாச்சு? யாருய்யா அந்தம்மா?" முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்ல சார்... வீட்டு விஷயம்."

"உமக்கு ஏதுய்யா வீடு? தனிக்கட்டைதானே நீர்!"

சாயங்காலத்துக்குள் பதினாலு அழிக்கப்பட்டது.

மூன்றாம் நாள் ஒரு மணி. சத்தமில்லை. ஒன்று பத்து. புதுக் கம்ப்யூட்டர் சும்மா மினுக்கிக்கொண்டிருந்தது. 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று அங்கே ஒரு இயந்திரம் சொல்லியிருக்கும். அண்ணிக்கு இரண்டாம் தடவை புருஷன் செத்துப் போயிருப்பார், அதுவும் தன் கையால். குமாஸ்தா மாத்திரையை மறந்தார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வெயிலில் அவள் வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்த மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது.

"என் தப்பும்மா" என்றார் குமாஸ்தா. "மூணு மாசமா உங்கப்பா மாதிரியே பேசி ஏமாத்திட்டேன். மாத்திரை போட்டாச்சான்னு கேக்கிறப்ப, அவர் இல்லைன்னு சொல்ல மனசு வரல. இப்ப அண்ணிக்கு எப்படிம்மா சொல்றது?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா வாழ்நாள்ல ஒரு மாத்திரை போட்டதில்ல அங்கிள். பக்கத்து சீட்டுக்காரர்தான் மாத்திரையை டிராயர்ல போட்டுட்டு மறந்துடுவார், நான்தான் ஞாபகப்படுத்தணும்னு அப்பா சொல்லிட்டே இருப்பார். அவர் போனதும் அந்த வேலையை அம்மா எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்குப் போனை எடுக்கலைன்னதும், 'இவரும் போயிட்டாரா'ன்னு அம்மா ஒரு மணியிலேருந்து அழுதுட்டிருக்காங்க."