கிடங்குக்காரர் வைத்த ஒத்திகை

கிடங்குக்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். இந்த முறை போயே தீருவது. அதுவும் எப்படி? ஒரு பொட்டலம் இடம் மாறாமல், ஒரு நிமிடம் பிசகாமல். முக்கியமாக, யாரும் தன் கழுத்தில் வாந்தி எடுக்காமல்.

கழுத்து விஷயம் இரண்டு வருடத்துக்கு முந்தையது. மனைவியின் அக்கா வீட்டுக்குக் காரில் ஒன்பது மணி நேரப் பயணம். அப்போது மூத்தவளுக்கு மூன்று வயது, சின்னவன் வயிற்றில். சரியாக நாற்பத்திரண்டாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது மூத்தவள் பின்சீட்டில் எழுந்து நின்றாள். ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் காலருக்குள், காலையில் குடித்த பால் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தாள். துண்டு எங்கே என்று கேட்டார். டிக்கியில், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதாக மனைவி சொன்னாள். அடுத்த திருப்பத்திலேயே வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

பால்மேல் அவருக்குக் கோபம் இல்லை. பிள்ளைமேலும் இல்லை. துண்டு அடியில் போனதுதான் அவர் நெஞ்சை அறுத்தது. பத்து வருடமாகச் சரக்குக் கிடங்கில் லாரிகளுக்கு லோடு ஏற்றும் பொறுப்பில் இருப்பவர் அவர். முதலில் இறங்க வேண்டிய சரக்கு கடைசியில் ஏற வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் சொந்தக் காரிலேயே துண்டு அடியில் போய்விட்டது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அன்றிலிருந்து நான்கு தடவை தேதி குறித்தார்கள். நான்கையும் அவரே தள்ளிப் போட்டார். முதல் தடவை சரியான அளவில் அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை டயர்மேல் சந்தேகம். மூன்றாவது தடவை மழை வரலாம் என்றார், வரவில்லை. நான்காவது தடவை எல்லாம் தயார், பட்டியலைத்தான் எங்கோ வைத்துவிட்டார். அதைத் தேடி முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது.

இதற்கிடையில் அங்கே அக்காவுக்குப் பெண் பிறந்தாள். குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சித்திக்காரி போனில்தான் பார்த்தாள். போன வாரம் அந்தக் குழந்தை முதல் நான்கு அடி நடந்து, போனைப் பிடிக்கக் கையை நீட்டியது. அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, போனின் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துக் கீழே வைத்தாள்.

அதனால்தான் அன்று பல் தேய்க்கும்போது அந்த முடிவு.

"அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி போறோம்," என்றார் காபி டம்ளரை வாங்கிக்கொண்டே. "ரெண்டு ராத்திரி தங்கறோம். திரும்பறோம்."

"நிஜமாவாங்க?"

"நிஜமாத்தான். ஆனா அதுக்கு முன்னாடி இந்தச் சனிக்கிழமை ஒரு ஒத்திகை."

கிடங்கில் அது வழக்கம். புது வாடிக்கையாளரின் சரக்கு முதல்முதலாகப் போகும்போது, முந்தின நாளே லாரியில் முழு லோடும் ஏற்றி, பெரிய கேட் வரை ஓட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து பார்ப்பார்கள். எது ஆடுகிறது, எது சரிகிறது என்று அதில் தெரிந்துவிடும். அதையேதான் வீட்டுக்கும் செய்யப் போகிறார். பெட்டி, படுக்கை, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் ஏற்றி, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்புவது. மொத்தம் ஒரு மணி நேரம்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒத்திகைக்குப் பெட்டியெல்லாம் காலியாக இருந்தால் போதுமா என்று.

கிடங்குக்காரருக்குச் சுருக்கென்றது. "காலிப் பெட்டிய ஏத்தி என்னத்தத் தெரிஞ்சுக்கறது? எடை நிஜமா இருக்கணும். துணி நிஜம், சாப்பாடு நிஜம். எல்லாமே நிஜம்."

"சரிங்க," என்றாள்.

ஏழு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பட்டியல் போட உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வீடு கிடங்காக மாறியது. ஒரு தடித்த கோப்பு வந்தது. அதில் அறுபத்து நான்கு வரிகள். பெட்டிகளுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை எண் ஒட்டினார். தொங்குகிற தராசு ஒன்றைக் கொண்டுவந்து கதவு நிலையில் மாட்டி ஒவ்வொன்றாக எடை போட்டார். பெட்டி தீர்ந்ததும் சின்னவனைத் துணித் தொட்டிலில் போட்டு எடை பார்த்தார். பதினோரு கிலோ, அதுவும் நிலையாக நிற்காத பதினோரு கிலோ. துண்டு மட்டும் எட்டு. எட்டும் கைக்கெட்டும் தூரத்தில். வாந்திப் பை இருபத்து நான்கு. ஒரு பையில் தண்ணீர் ஊற்றி, ஓட்டை இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தார். மூத்தவள் அடியில் நின்று தலையை நனைத்துக்கொண்டு, இருக்கிறது என்று உறுதி செய்தாள்.

இரண்டாம் எண் பெட்டி, துணிப் பெட்டி, கொஞ்சம் அதிகமாகவே கனத்தது. இரண்டு ராத்திரிக்கு இத்தனை துணியா என்று கேட்டார். எடை கூட இருந்தால்தானே வண்டி தாங்குகிறதா என்று தெரியும் என்றாள் அவள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னோடு வாழ்ந்து இவளுக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அவளும் தினம் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். அடுப்புக் கேஸை மூடுவதும் ஒத்திகையில் உண்டா? உண்டு. தண்ணீர்க் குழாயை அடைப்பது? உண்டு. பால்காரரிடம் பால் வேண்டாமென்று சொல்வது? கட்டாயம் உண்டு, அந்த ஆள் சொன்னதைக் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டுமே. எதிர்வீட்டு வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது? இவர் வேலை செய்யும் கிடங்கின் கேட்டில்தான் அந்த வாட்ச்மேனுக்கும் வேலை. அதுவும் உண்டு.

"அப்ப லீவு லெட்டர்?" என்றாள் வியாழக்கிழமை.

கிடங்குக்காரர் பேனாவை எடுத்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது? உடனே பட்டியலில் அறுபத்து மூன்றாவது வரியைத் திருத்தினார். மேலாளருக்கு வணக்கம் வைத்து, குடும்பத்தோடு பயணம் போவதால் விடுப்பு வேண்டும் என்று எழுதினார். தேதிக்கு இடம் விட்டுக் கையெழுத்தும் போட்டார். கோப்பில் வை என்று அவளிடம் கொடுத்தார். பத்திரமாக வாங்கிக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் ஓட்டுநருக்கான விதிகள். பன்னிரண்டு விதிகளும் சிவப்பு மையில்.

சனிக்கிழமை விடிந்தது. ஆறு மணிக்கு வண்டி நகர வேண்டும். ஐந்தே முக்காலுக்கு ஆறு பெட்டிகள் ஏறிவிட்டன. ஏழாவது பெட்டியைத் தூக்கினால் அது சிரித்தது. சின்னவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். அவனை இறக்கினால் ஒரு காலில் செருப்பு இல்லை. வீடு முழுக்கத் தேடினார்கள். கடைசியில் அது மூன்றாம் எண் பெட்டியில், ஒட்டுநாடா போட்டு மூடிய பெட்டியில், அக்கா குழந்தைக்கு வாங்கிய கரடி பொம்மையின் மடியில் கிடைத்தது. வண்டி ஆறு இருபதுக்குக் கிளம்பியது. கிடங்குக்காரர் கோப்பில் எழுதினார்: தாமதம், ஒரு செருப்பு.

தெருமுனை தாண்டியதும் மூத்தவள் ஆரம்பித்தாள். ஒத்திகை என்றால் என்ன? பொய்யாகப் போவது. பொய்யாகப் போனால் வீடு நிஜமாகப் பின்னால் போகிறதே? அவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். அவள் சின்னவனைத் தட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி இருந்தாள். மூத்தவளை ஓரத்தில் உட்கார வைக்காமல், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி நடுவில் உட்கார வைத்திருந்தாள். அந்த ஏற்பாடு பட்டியலில் இல்லை.

பதினைந்தாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றது. பெட்ரோல் பங்க் தெரிந்தபோது இரண்டு பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பப் போறேன்," என்றார்.

மனைவி கோப்பை எடுத்து மடியில் விரித்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போனாள். குழந்தைகள் விழிக்காத குரலில் படித்தாள். "விதி ஏழு. பிள்ளைகள் தூங்கும்போது வண்டியை நிறுத்தவோ திருப்பவோ கூடாது. சிவப்பு மையில போட்டிருக்கீங்க. அடியில ரெண்டு கோடு வேற."

"அது நிஜப் பயணத்துக்கும்மா."

"எல்லாமே நிஜம்னு நீங்கதானே சொன்னீங்க."

பங்க் பின்னால் போய்விட்டது. அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம் என்று ஓட்டினார். அடுத்த திருப்பத்திலும் தூங்கினார்கள். சாலை நடுவே தடுப்புச் சுவர் ஆரம்பித்தது. இனி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத் திரும்ப வழியில்லை. திடீரென்று அவருக்கு எங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்தது. தூரத்தில் அந்த நாற்பத்திரண்டாவது கல். பக்கத்தில் அன்று பார்த்த அதே டயர் கடை. அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார், காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மூத்தவள் கண் விழித்தாள்.

"அப்பா, இங்கதானே நான் உங்க மேல வாந்தி எடுத்தேன்?"

"ஆமாம்மா."

"இன்னிக்கும் எடுக்கணுமா?"

"வேண்டாம்மா."

"சரிப்பா," என்று சொல்லிவிட்டு வெளியே லாரிகளை எண்ண ஆரம்பித்தாள்.

கல் தாண்டியது. கழுத்து காய்ந்தே இருந்தது. கிடங்குக்காரர் இரண்டு வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை வெளியே விட்டார். பார்த்தாயா, லோடு சரியாக ஏற்றினால் எல்லாம் சரியாக இருக்கும் என்றார். ஆமாங்க என்றாள் அவள். சுவர் முடிகிற இடத்தில் திரும்பிவிடலாம், ஒத்திகை வெற்றி என்றார்.

"திரும்பலாங்க. ஆனா திரும்பிப் போறப்ப மறுபடியும் அந்தக் கல்லைத் தாண்டணுமே. இப்ப சாப்பிட வேற செய்றா."

கண்ணாடியில் பார்த்தார். மூத்தவள் கையில் அவித்த முட்டை. இரண்டாவது முட்டை. அவர் கழுத்து தானாகச் சிலிர்த்தது. கால் தானாக அழுத்தியது. திருப்பம் வந்தது, போனது.

எண்பதாவது கிலோமீட்டரில்தான் அவருக்கு வேலை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை காலை மூன்று லாரி லோடு இருக்கிறதே என்று பதறினார்.

"லீவு லெட்டர் குடுத்தாச்சுங்க."

"யாரு குடுத்தா?"

"எதிர்வீட்டு அண்ணன்தான். தேதிக்கு இடம் விட்டிருந்தீங்க, நான் போட்டு அனுப்பினேன்."

"எத்தனை நாளைக்குப் போட்டே?"

"ஒன்பது."

வண்டி ஒருமுறை இடமும் வலமும் ஆடி நேரானது. மேலாளர் என்ன சொன்னார் என்று ஈனக் குரலில் கேட்டார்.

"இத்தனை வருஷத்துல மனுஷன் இப்பத்தான் உருப்படியா ஒண்ணு எழுதியிருக்கார்னு சொன்னாராம்."

அவர் மனதுக்குள் பட்டியல் ஓடியது. கேஸ் மூடியிருக்கிறது. குழாய் அடைத்திருக்கிறது. பால் நின்றிருக்கிறது. சாவி எதிர்வீட்டில். செடிக்கு ஆள் இருக்கிறது. இரண்டாம் எண் பெட்டியின் கனத்துக்கும் இப்போது கணக்குப் புரிந்தது. அறுபத்து நான்கு வரிக்கும் அவர் கையாலேயே டிக் போட்டிருந்தார். எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்காதா என்று தேடினார். அவர் செய்த வேலையில் ஓட்டை எப்படி இருக்கும்?

"நேரா கேட்டிருக்கலாமே நீ," என்றார் கடைசியில்.

"நாலு தடவை கேட்டேங்க."

வெகுதூரம் ஓட்டினார். பிறகு ஒரு மரத்தடியில் நிறுத்தி, ஐந்தாம் எண் பெட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து முதலில் அவளுக்குக் கொடுத்தார். பெட்டி மேலாகவே இருந்தது, ஒன்றையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அது ஒரு சின்ன ஆறுதல்.

மாலை நான்கு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றது. சகலை கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டீர்களே என்றார். யார் சொன்னது என்று கிடங்குக்காரர் கேட்கவில்லை. கேட்கும் நிலையைத் தாண்டியிருந்தார்.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கால் நடுவில் ஏதோ இடித்தது. அந்தக் குழந்தை. சுவரை விட்டுவிட்டு, ஆடி ஆடி ஆறு அடி நடந்து வந்து, போனில் மட்டுமே பார்த்திருந்த சித்தியின் முழங்காலைக் கட்டிக்கொண்டது. அவள் குனிந்து தூக்கிக்கொண்டாள். முகத்தைக் குழந்தையின் கழுத்தில் புதைத்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

கிடங்குக்காரர் பெட்டிகளை ஒன்றிலிருந்து ஏழு வரை இறக்கி அடுக்கினார். எட்டுத் துண்டும் மடிப்புக் கலையவில்லை. இருபத்து நான்கு பையும் காலி. அதைப் பார்த்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு திரும்பியது. யார் எப்படி ஏமாற்றினால் என்ன, ஓட்டி வந்தது அவர், லோடு ஏற்றியதும் அவர். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். நிஜப் பயணம் என்ற வரியில் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்று இருந்தது. பயணம்தான் முடிந்துவிட்டதே என்று அதை அடிக்கப் பேனாவை வைத்தார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மனைவி, அவர் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அதை எதுக்குங்க அடிக்கறீங்க, இது ஒத்திகைதானே?"