நம்ப முடியாத கருவி

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவனிடம் வீட்டு ஃபோனை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நானே அந்த வேலையில் இருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன். கல்கத்தா சால்ட் லேக்கில் ஆபீஸ். (டெஸ்டிங் பிரிவுதான். உறவுக்காரர்களிடம் அந்த விவரமெல்லாம் சொன்னதில்லை.)

என் மனைவி வித்யாவின் ஃபோனில் பழைய ரெக்கார்டர் ஆப் ஒன்று இருந்தது. அதில் என் மாமனார் கரியாஹாட் மார்க்கெட்டிலிருந்து பேசிய ஒரே ஒரு அழைப்பு. "வித்யா, வாழைப்பூ நன்னா இருக்கு. ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கடைக்காரரிடம் வங்காளத்தில் பேரம் பேசப் போய்விடுவார். அவர் காலமான பிறகு மிச்சமிருந்த குரல் அவ்வளவுதான்.

முதல் வருஷத் திதிக்கு முந்தின நாள், ஃபோன் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. ஆப்பைத் தொட்டால், 'இந்தப் பழைய ஆப் இனி இந்த ஃபோனில் இயங்காது' என்றது. நான் வாங்கிக் கொடுத்த ஃபோனில் எது ஓடலாம், எது ஓடக் கூடாது என்று சொல்ல கம்பெனிக்காரன் யார்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விடுங்கோ, யாராவது தெரிஞ்சவாளைக் கேக்கலாம்" என்றாள் வித்யா.

அந்த 'தெரிஞ்சவா'தான் என்னைக் கெடுத்தது.

"ஃபோனுக்குக் கம்பெனி போட்ட பூட்டை எடுத்துட்டு பழைய சாஃப்ட்வேரைப் போட்டா சரியாயிடும். பத்து நிமிஷம்."

"அப்பா குரல் போயிடாதே?"

"நான் இருக்கேனோல்லியோ?"

லேப்டாப்பில் கேபிளைச் செருகினேன். 'பூட்டைத் திறந்தால் எல்லாம் அழியும், சம்மதமா?' என்று ஃபோன் பெரிய எழுத்தில் கேட்டது. எந்தத் திரை எதைக் கேட்டாலும் படிக்காமல் சம்மதம் சொல்லிப் பழகிய கை. அமுக்கிவிட்டது.

ஃபோன் மறுபடி உயிர் பெற்று, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கடையில் வாங்கிய முதல் நாள் கேட்ட அதே கேள்வி. அதைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

கரியாஹாட் ரிப்பேர் கடைக்காரர் வங்காளத்தில் பொறுமையாக விளக்கினார். "ஆப் ஓடலைன்னா என்ன? ஃபைல் உள்ளேதானே இருந்தது? கேபிள் போட்டு காப்பி எடுத்திருந்தா லேப்டாப்லயே கேட்டிருக்கலாமே." (கேபிள் செருகித்தான் இருந்தது. செருகினவனும் நான்தான்.)

வீட்டுக்கு வந்து சொன்னேன். வித்யா திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மறுநாள் சமையலுக்கான பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே துலக்கியவற்றையும். அன்றைக்கு நான் அழித்தது என்ன என்று எனக்கு இன்றும் நன்றாகத் தெரியும்.

பூட்டு எடுத்த ஃபோனைக் கம்பெனி மன்னிப்பதில்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் 'இந்தக் கருவியை நம்ப முடியாது' என்று எச்சரிக்கை வரும். யார் வீட்டுக்கு வந்தாலும் வித்யா ஃபோனை அணைத்து மறுபடி போட்டு அதை வாசித்துக் காட்டி, "இவரைத்தான் சொல்றது" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். புது ஃபோன் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள்.

இப்போது மார்க்கெட்டில் வாழைப்பூவைப் பார்த்தால் நான் அவளுக்கு ஃபோன் செய்கிறேன். "ஒண்ணா, ரெண்டா?"  அவள் என் பின்னால் கேட்கும் கடைக்காரர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்புறம், "நம்ப முடியாத கருவியா பேசறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.