குழாய் கேட்டு லயத்தை வரைந்தோம்

பதினெட்டு வயதில் இருந்த என்னோடு எனக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. எதிரில் வந்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன். துரைமார்களை ஒருவாறு மன்னித்துவிட்டேன் (பொய், மன்னிக்கவில்லை). ஆனால் கையில் மசியும் மனசில் மகா பெருமையுமாக அலைந்த அந்த மாணிக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் ஒரு வரைபடம் வரைந்தான். அதைப் பற்றித்தான் இது.

முப்பதுகளின் தொடக்கம். மலாயாவில், ஜொகூர் பாருவில், ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் எங்கள் லயம். எதிரெதிராக இரண்டு வரிசை, இருபத்தெட்டுப் பலகை வீடுகள், வீட்டுக்கு ஓர் அறை. எல்லாம் ரோட்டு வேலைக்காரர்களுக்காக ஆபீஸ் கட்டிக் கொடுத்தது. (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எல்லா ஆபீஸும் ஒரே ஜாதிதான்.) இருபத்தெட்டு வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய் ஒன்றே ஒன்று. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வரும். அதுவும் வருவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வரும். கிடைக்காதவர்கள் பின்பக்கக் கால்வாய்க்குப் போவார்கள். அந்த மழைக்காலத்தில் மூன்று பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. அதில் ஒருத்தி எங்கள் எதிர்வீட்டு அஞ்சலை அக்காவின் மகள் பொன்னி. நாலு வயது.

அஞ்சலை அக்கா புருஷனை இழந்தவர். ஆபீஸில் கூட்டுகிற வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரம் சாய்த்து ஒரு கொட்டகை போட்டு, அதில் கல்யாணமாகாத ரோட்டு ஆட்கள் பத்துப் பேருக்குச் சோறு பொங்கிப் போட்டுப் பிழைத்தார். பொன்னி போன பதினாறாம் நாள் நானும் என் கூட்டாளிகள் முத்தையா, சவரிமுத்து இருவரும் இளைஞர் மன்றம் ஒன்றைத் தொடங்கினோம். நான் தலைவர், முத்தையா செயலாளர், சவரிமுத்து பொருளாளர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. மன்றத்தின் ஒரே நோக்கம் இரண்டாவது குழாய்.

"மனு எழுதினா துரை குப்பையில போடுவான்" என்றான் முத்தையா.

"வெறும் மனு போடுவோமா? படம் போட்டு அனுப்புவோம். வீடு வீடா, ஆள் ஆளா. பார்த்தவுடனே மனசு இளகணும்" என்றேன். நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவன். லயத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஜீவன். அந்தத் திமிர் எனக்கு அப்போது ஒரு நோய் மாதிரி இருந்தது.

சவரிமுத்து அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தான். பெரிய தாளும் சிவப்பு, கறுப்பு மசியும் அவன் பொறுப்பு. அளப்பதற்கு நாடா இல்லை. முத்தையா தன் அப்பாவின் புது எட்டு முழ வேட்டியைக் கொண்டு வந்தான். ஒரு முனையை அவன் பிடிக்க, மறு முனையை நான் பிடிக்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமை லயத்தை வேட்டியால் அளந்தோம். முதல் ஞாயிறு இடது வரிசை முடிந்ததும் வேட்டியைத் துவைத்துவிட்டார்கள். அது அரை முழம் சுருங்கியது எங்களுக்குத் தெரியாது. ஆகவே வரைபடத்தில் இடது வரிசை வீடுகளைவிட வலது வரிசை வீடுகள் கொஞ்சம் செழிப்பாக இருக்கும். மூலையில் அளவுக்குறிப்பும் எழுதினேன்: ஓர் அங்குலத்துக்கு ஒரு வேட்டி.

வீடுகளைக் கறுப்பு மசியில் வரைந்தேன். ஜனங்கள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று துரைக்கு உறைக்க வேண்டுமே என்று, பின்னால் போட்டிருந்த தகரக் கொட்டகைகளைச் சிவப்பில் வரைந்தேன். ஒன்று விடவில்லை. அனுமதியில்லாமல் போட்ட ஒவ்வொரு கொட்டகையும் ரத்தச் சிவப்பாக அழகாகத் தெரிந்தது. (வாசகர்கள் இங்கேயே என்னை அடிக்கலாம். நான் காத்திருக்கிறேன்.)

அடுத்தது ஆள் கணக்கு. இங்கேதான் சிக்கல். பிள்ளைகளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்று எந்தத் தாயும் சரியாகச் சொல்லவில்லை. நாலு பிள்ளை வாசலில் புரளும். "ரெண்டுதான் தம்பி" என்பார்கள். முத்தையாவின் அம்மாவே தன் மகனை விட்டுவிட்டுச் சொன்னார். முத்தையா பக்கத்தில்தான் நின்றான்.

"இப்படிச் சொன்னா குழாய் வருமா?" என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை குழாயடி வரிசையில் கவிழ்த்த வாளி மேல் ஏறி நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். "தலை எவ்வளவு கூடுதோ அவ்வளவு தண்ணி கூடும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தார்கள். அன்று சாயங்காலமே கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நம் ஆட்களிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் குடும்பத்தைத்தான் சொல்வார்கள். நடுவில் ஒரு சமுத்திரம் கிடப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊரில் இருக்கிற தம்பி, அவன் பெண்டாட்டி, அடுத்த கப்பலில் வருவதாகக் கடிதம் போட்ட மச்சான், வயிற்றில் இருக்கிற பிள்ளை, படத்தில் மாலையோடு தொங்குகிற மாமனார், எல்லாரும் வரிசையாக வந்தார்கள். முத்தையாவின் அம்மா பதினாலு பேர் சொன்னார். "என் தம்பிய மறந்துடாதடா, அவன் நிறையத் தண்ணி குடிப்பான்."

எல்லாம் பொய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நல்ல காரியத்துக்குத்தானே என்று பேர் பேராக எழுதினேன்.

அஞ்சலை அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவர் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நானு, என் மகன் ராசு, என் அம்மா. மூணு பேரு."

"சரிக்கா."

"நில்லு. பொன்னியையும் எழுது."

"அக்கா... பொன்னி..."

"என்ன பொன்னி? அவளுக்கு நல்ல தண்ணி கிடைச்சிருந்தா இங்கதானே உட்கார்ந்திருப்பா? எழுதுடா."

எழுதினேன். பொன்னி, வயது நாலு.

நானே இங்கிலீஷில் மனு எழுதி, அகராதியில் இருந்த பெரிய பெரிய சொற்களையெல்லாம் ஏற்றி, மூவரும் கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுத்தோம். பத்தாம் நாள் சுகாதாரத் துரை வந்தார். மூக்கில் கைக்குட்டை, கக்கத்தில் எங்கள் வரைபடம். குழாயை ஒரு பார்வை பார்த்தார். கொட்டகைகளை நெடுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, வரைபடம் பிரமாதம் என்றார். அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. பெருமையிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

மறுவாரம் அஞ்சலை அக்கா வீட்டைத் தவிர ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லாம் இங்கிலீஷில். படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே? வீடு வீடாக என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் வீடு வீடாக, சத்தம் போட்டு, மொழிபெயர்த்துச் சொன்னேன்: ஓர் அறைக்கு அனுமதி ஐந்து பேர். இந்த வீட்டில் இருப்பவர்கள் இத்தனை பேர். மிச்சப் பேர் பதினாலு நாளில் வெளியேற வேண்டும். தவறினால் வீடு பறிக்கப்படும். கீழே பெயர்ப் பட்டியல். என் பட்டியல். நான் செய்த ஓர் எழுத்துப் பிழையைக்கூட மாற்றாமல் அப்படியே பார்த்து எழுதியிருந்தார்கள்.

தண்ணீர் போதவில்லை என்று நாங்கள் எழுதியதை, ஆட்கள் அதிகம் என்று அவர்கள் படித்தார்கள். தாகத்துக்கு மருந்து, குடிக்கிறவனைக் குறைப்பது. இந்த ஞானம் எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரப்படவில்லை.

முத்தையாவின் அம்மா என் சட்டையைப் பிடித்தார். "அலமாக், ஐயோ! ஊர்ல கிடக்கிற என் தம்பிய நான் எப்படிடா வெளியேத்துவேன்? கப்பல்ல கூட்டிட்டு வந்து வெளியேத்தணுமா?"

"செத்துப் போன மாமனாரை எந்த வாசல் வழியா அனுப்பறது?" என்றார் இன்னொருவர். அவர் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. என் அப்பா மட்டும் மெதுவாகச் சொன்னார். "படிக்க வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கெடு முடிய நாலு நாள் இருந்தது. அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு (இரண்டு மாணிக்கம் போகலாம் அதற்குள்) ஆபீஸுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் துரை. பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் (குமாஸ்தாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கோப்புக் கட்டோடு நின்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றாலும் துரையைக் கண்டதும் அது ஓடிப்போய்விட்டது. கிராணிதான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னார்.

"இந்த ஆட்கள் இல்லை என்று சொல்கிறீராம். அப்படியென்றால் பொய் எழுதினீரா என்று துரை கேட்கிறார்."

"ஆமாங்க."

"உண்மையில் வீட்டுக்கு எத்தனை பேர்?"

நான் புத்திசாலி அல்லவா? ஏழு, எட்டு என்று நிஜத்தைச் சொன்னால் அதற்கும் வெளியேற்றுவார்கள். "அஞ்சு பேருங்க."

"எல்லா வீட்டிலுமா?"

"எல்லா வீட்டிலயும்."

கிராணி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். வேண்டாம் தம்பி என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு துரையிடம் சொன்னார். துரை சிரித்தார். பேனாவை எடுத்துக்கொண்டே பேசினார்.

"வீட்டுக்கு ஐந்து பேர்தான் என்றால் இப்போதுள்ள குழாயே போதும் என்கிறார்."

கூட்டிச் சொன்னால் ஆளுக்கு இடமில்லை. குறைத்துச் சொன்னால் குழாய்க்கு அவசியமில்லை. எந்த எண்ணைச் சொல்லியிருந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று இந்த வயதிலும் சில நாள் உட்கார்ந்து யோசிக்கிறேன். அப்படி ஓர் எண் கிடையாது. எண்ணைக் கேட்டதே தராமல் இருப்பதற்குத்தான்.

துரை விடவில்லை. பட்டியலில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். கிராணியின் குரல் இறங்கியது.

"இந்தப் பிள்ளை இறந்தது ஆபீஸ் பதிவில் இருக்கிறதாம். செத்த பிள்ளை பெயரில் தண்ணீர் கேட்கிறீரா என்கிறார்."

பட்டியலில் இருந்த அத்தனை பொய்க்கும் நடுவில் அந்தப் பெயர் ஒன்றுதான் பொய்யில்லை. அந்தப் பிள்ளை ஏன் இறந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். மேசையைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் வேட்டி பிடித்து அளந்தேன். அந்தக் கோட்டுக்குள் இருந்த மகா வீரன் என்ன சொன்னான் தெரியுமா?

"மன்னிக்கணும் துரை."

துரை பெயரை அடித்தார். மனுவையும் அடித்தார். நோட்டீஸ்கள் ரத்து. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். கும்பிட்டேன், ஆமாம்.

வீடுகள் பிழைத்தன என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தோம். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து மண்டோர் ஒருவர், அதாவது வேலை மேற்பார்வைக்காரர், ஆறு ஆட்களோடு கடப்பாரை சகிதம் வந்தார். கையில் என் வரைபடம். அவருக்கு யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பு எங்கே எங்கே இருந்ததோ அங்கே அங்கே போய் நின்றார். மத்தியானத்துக்குள் எல்லாக் கொட்டகையும் தரையில் கிடந்தது.

"யாரு வரைஞ்சது லா? ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார் என்னிடமே. நல்ல மனிதர், பாராட்டத்தான் சொன்னார்.

அஞ்சலை அக்கா பானையையும் அகப்பையையும் இடிபாட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் உதவப் போனேன்.

"பொன்னி பேரு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"அடிச்சுட்டாங்கக்கா."

"நீ என்ன சொன்ன?"

பதில் சொன்னேன். அவர் என்னை ஏசியிருந்தால் தேவலை. பானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "வாளிய எடு" என்றார். என் அப்பா எங்கள் வீட்டு முன்வாசலை அவருக்கு விட்டுக் கொடுத்தார். அங்கே அடுப்புப் போட்டு அதே பத்துப் பேருக்கு அவர் பொங்கினார். அந்தப் பத்துப் பேருக்கும் வேண்டிய தண்ணீரை, அதே ஒற்றைக் குழாயில் பெண்களோடு வரிசையில் நின்று, இரண்டு வருஷம் நான் தூக்கினேன். யாரும் எனக்கு முன்னால் இடம் விடவில்லை. "தலைவரே, பின்னால போங்க" என்பார்கள். இளைஞர் மன்றத்துக்கு அதற்குப் பிறகு கூட்டம் எதுவும் நடக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி வந்த பெண் லயத்திலேயே பிறந்தவள். கதை முழுக்கத் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் ஓர் எண்ணைச் சும்மா சொல்லிவிட முடியாது. விருந்துக்கு எட்டுப் பேர் என்றால், "துரைக் கணக்கா, வீட்டுக் கணக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உலை வைப்பாள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். என் வயதைச் சொன்னாலும் அதே கேள்வி, பரீட்சை மார்க்கைக் கேட்டாலும் அதே பதில். பேரன் பேத்தி வரும்வரை ஓடும் போலிருக்கிறது.

போன மாதம் குடிக்கணக்கு எடுக்க ஒருவர் வந்தார். வெயிலில் வேர்த்துப்போய், கையில் பெரிய புத்தகத்தோடு. "வீட்டில எத்தனை பேருங்க?"

"எதுக்கு?" என்றேன்.

"சும்மா ஒரு விவரத்துக்குத்தான் ஐயா."

உள்ளே சமையலறையிலிருந்து குரல் வந்தது. "துரைக் கணக்கா, வீட்டுக் கணக்கான்னு கேளுங்க!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்தவர் ஒன்றும் புரியாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். பிறகு கேட்டேன்: இதை யார் படிப்பார்? ஆள் அதிகம் என்றால் எங்களுக்கு என்ன தருவார்? குறைவு என்றால் எதை எடுத்துக்கொள்வார்? முதல் கேள்விக்கு ஏதோ ஆபீஸ் பெயர் சொன்னார். மற்ற இரண்டுக்கும் மேலே கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.